பூட்டு போட்ட போனும் கட்டம் கட்டமாத் தெரிஞ்ச தமிழும்

காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கியாச்சு. அதுக்கு மேல அது யாருக்குச் சொந்தம்? சேலம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இருக்கற செல்போன் ரிப்பேர் கடைகள்ல "அன்லாக் செய்து தரப்படும்"னு போர்டைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். வீட்டுச் சாவி தொலைஞ்சா பூட்டுக்காரரைக் கூப்பிடறோம். இங்க சாவி தொலையவே இல்லைங்க, முதல்லயே நம்ம கையில தரலை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

இந்தப் பூட்டு செல்போனுக்கு முன்னாடியே இருந்தது. அமெரிக்காவுல ஏடி அண்ட் டி கம்பெனி ரொம்ப காலமா "எங்க லைன்ல எங்க கருவியை மட்டும்தான் மாட்டணும்"னு சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணிட்டு இருந்தாங்க. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர், எண்ணெய் வயல்ல வேலை செய்யறவங்க வயர்லெஸ்ஸை டெலிபோனோட இணைக்க ஒரு பெட்டி செஞ்சார். ரிசீவரை அது மேல வெச்சா போதும், லைன்ல ஒரு கம்பியைக்கூடத் தொடாது. அதுக்கே கம்பெனி தடை சொன்னது. மனுசன் விடாம வழக்காடி 1968ல ஜெயிச்சார். "நெட்வொர்க்கைக் கெடுக்காத எந்தக் கருவியையும் மாட்டலாம்"கிற அந்தத் தீர்ப்பு, வெளிக் கம்பெனிகளோட கருவிகளுக்குக் கதவைத் திறந்து விட்டது. பின்னாடி வீட்டுக்கு வீடு வந்த மோடத்துக்கும் அதுதான் வழி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல செல்போன் சேவை 1995ல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல சேவைக் கம்பெனியே போனைக் குறைஞ்ச விலைக்குத் தந்து பூட்டுப் போடுவான். இங்க பெரும்பாலும் போனைத் தனியா வாங்குவோம், சிம் கார்டைத் தனியா வாங்குவோம். அதனால ஜிஎஸ்எம் போன்ல பூட்டு அபூர்வம்.

பூட்டு பெரிய அளவுல வந்தது 2003ல. ரிலையன்ஸ் "மான்சூன் ஹங்காமா"ன்னு அறிவிச்சு, 501 ரூபா முதல்ல கட்டினா கையில போன்னு சொன்னாங்க. அது சிடிஎம்ஏ. சிம் கார்டே கிடையாது, நம்பரை போனுக்குள்ளயே எழுதிடுவாங்க. செல்போன் பணக்காரங்க சமாச்சாரம்ங்கற நிலைமையை மாத்தினதுல அந்த 501 ரூபாய்க்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனா அந்தக் கம்பெனி வேண்டாம்னு தோணினா போனையும் சேர்த்துத் தலைமுழுகணும்.

எங்க பக்கத்துல இது சின்ன விஷயம் இல்லைங்க. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி இந்தியா முழுக்கப் போகும். நாமக்கல் லாரிக்கு மாநில எல்லையெல்லாம் கணக்கே இல்லை. ரோமிங்ல வர்ற கால் எடுத்தாலே காசு போன காலம் அது. (பிஎஸ்என்எல் 2015 ஜூன்லதான் ரோமிங்ல இன்கமிங்கை இலவசமாக்குச்சு.) மாசக்கணக்குல வெளி மாநிலத்துல இருக்கறவருக்கு சிக்கனமான வழி, அந்த ஊர் சிம்மை வாங்கிப் போட்டுக்கறதுதான். பூட்டு இல்லாத போன் இருந்தாத்தான் அது நடக்கும்.

அடுத்து ஐபோன். 2007 ஜூன் 29ல அமெரிக்காவுல வந்தது, ஏடி அண்ட் டி பூட்டோட. ஆகஸ்டுல ஜார்ஜ் ஹாட்ஸ்ங்கற 17 வயசுப் பையன் அதைத் திறந்துட்டான். திறந்த ஒரு போனைக் கொடுத்து பதிலுக்கு நிஸ்ஸான் காரும் மூணு ஐபோனும் வாங்கினது தனிக்கதை! ரெண்டு பூட்டைக் குழப்பிக்காதீங்க. வேற சிம் போட விடறது அன்லாக். கம்பெனி அனுமதிக்காத மென்பொருளைப் போட வழி பண்றது ஜெயில்பிரேக். ஆண்ட்ராய்டுல ரெண்டாவதுக்குப் பேரு ரூட் பண்றது. 2008 ஆகஸ்ட் 22ல ஏர்டெல்லும் வோடபோனும் ஐபோனை இங்க வித்தப்போ 8 ஜிபி விலை 31,000 ரூபா. அவ்வளவு கொடுத்தும் பூட்டு இருந்தது!

இப்ப நம்ம மேட்டர். தமிழ்ல எழுதறவங்களுக்கு ரூட் எதுக்குத் தேவைப்பட்டது? ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பலதுல தமிழ் எழுத்துருவே கிடையாது. நம்ம பதிவைத் திறந்தா கட்டம் கட்டமா ஜன்னல் தெரியும். எழுத்துரு இருக்கற ஃபோல்டர் சிஸ்டம் பகுதிக்குள்ள, அங்க கை வைக்க நமக்கு உரிமை இல்லை. ரூட் பண்ணி, இருக்கற எழுத்துருவை எடுத்து வெச்சுட்டு, தமிழ் இருக்கற எழுத்துருவை அதே பேர்ல வைக்கணும். தப்பாப் போனா போன் செங்கல்.

அதோட முடியாது. எழுத்தைக் கோக்கற மென்பொருள் உள்ள இல்லைன்னா, 'மேகம்'ல இருக்கற கொம்பு 'ம'வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும். 'மகேம்'னு படிச்சுக்கணும்! ரூட் பண்ண பயந்தவங்களுக்கு ஓபரா மினி கை கொடுத்தது. ஒரு செட்டிங்கை மாத்தினா அவங்க சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பும். ஆண்ட்ராய்டு 4 வரிசைக்கு அப்புறம் இந்தத் தொல்லை மெல்லத் தீர்ந்தது. ஐபோன்ல தமிழ் விசைப்பலகை 2013ல வந்தது, வெளியார் விசைப்பலகைக்கு 2014லதான் அனுமதி. காசு கொடுத்து வாங்கின போன்ல தாய்மொழியைப் படிக்கணும்னா பூட்டை உடைக்கணும். இதைத் திருட்டுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

சட்டம் என்ன சொல்லுது? அமெரிக்காவுல 2010ல ஜெயில்பிரேக்குக்கு விலக்கு கொடுத்தாங்க. நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல 2012ல 65ஏ பிரிவு வந்தது. பதிப்புரிமையை மீறணும்கிற நோக்கத்தோட பூட்டை உடைச்சாத்தான் குற்றம், ரெண்டு வருசம் வரை சிறை. எழுத்துரு மாத்தறவரை அது தேடி வராது. ஆனா ஐஎம்இஐ நம்பரை மாத்தறது வேற கதை. அது குற்றம்னு 2017 விதிகள் தெளிவாச் சொல்லிடுச்சு, அந்தப் பக்கமே போகாதீங்க.

பூட்டு போயிடுச்சான்னா, இல்லை. 2017ல 1,500 ரூபா டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோன்ல ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். 501 ரூபா கதையோட அடுத்த பாகம்! தவணையில வாங்கற போன்ல, பணம் கட்டலைன்னா தூரத்துல இருந்தே பூட்டற செயலியைப் போட்டு விக்கறதும் நடந்திருக்கு. ரூட் பண்ணின போன்ல பல வங்கிச் செயலிகள் திறக்கறதே இல்லை.

பூட்டே கூடாதுங்கறது என் கட்சி இல்லை. போன் திருடு போனா உள்ள இருக்கற படமும் பணமும் தப்பிக்கறது இதே பூட்டாலதான். ஆனா வீட்டை வித்தவன் சாவியை அவனே வெச்சுக்கிட்டா ஒத்துக்குவோமா? அடுத்த போன் வாங்கறப்போ கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேட்கறதோட, பூட்லோடரைத் திறக்க கம்பெனியே வழி தருதான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும், நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு பதில் தெரிஞ்சு வெச்சிருப்பார்.