மருத்துவக் காளான் ஆய்வு

நோய் தீர்க்கும், உடலைத் தேற்றும் என்று நம்பி மக்கள் உட்கொண்டுவரும் காளான்களில் என்ன பொருள் இருக்கிறது, அது உடலுக்குள் என்ன செய்கிறது என்று ஆராயும் துறை மருத்துவக் காளான் ஆய்வு. மருத்துவக் காளான் என்பது பூஞ்சையியல் வகுத்த பிரிவு அன்று. பயன் கருதிச் சேர்த்த தொகுப்பு. பட்ட மரத்தில் ஒட்டி வளரும் கட்டைக் காளான்கள், சந்தையில் விற்கும் உணவுக் காளான்கள், புழுவைக் கொன்று அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சைகள் எல்லாம் இதில் அடங்கும். இத்துறைக்கென 1999இல் ஒரு பன்னாட்டு ஆய்விதழ் தொடங்கப்பட்டது. ஆனால் ஆய்வின் வேர் அதற்கு 30 ஆண்டுகள் முந்திய டோக்கியோ ஆய்வகங்களில் இருக்கிறது. நம்பிக்கையின் வேர் இன்னும் ஆழமானது.

தொன்மை

காளானை மருந்தாகக் கொண்டதற்கு மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுபவன் ஏட்ஸி. 1991இல் ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பனிப்பாறையில் கண்டெடுக்கப்பட்ட இம்மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். அவன் உடைமைகளில் இருவகைக் காளான்கள் இருந்தன. ஒன்று தீ மூட்ட உதவும் பஞ்சுக் காளான். மற்றொன்று பிர்ச் மரக் காளான். அதன் துண்டுகள் தோல்வாரில் கோக்கப்பட்டிருந்தன. அவன் குடலில் சாட்டைப்புழு முட்டைகள் காணப்பட்டதால், அத்துண்டுகள் குடற்புழு மருந்தாக இருக்கலாம் என்று 1998இல் ஒரு கருத்து எழுந்தது. ஊகம்தான் என்றாலும், உணவுக்கும் உதவாத, தீ மூட்டவும் வேண்டாத ஒன்றை மலைமேல் சுமந்து சென்றதற்கு வேறு நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ், ‘அகாரிகோன்’ என்ற பெயரில் லார்ச் மரக் காளானைப் பல நோய்களுக்கு மருந்தாகச் சொன்னார். காசநோயாளிகளின் இரவு வியர்வையை நிறுத்த ஐரோப்பியர் பிற்காலத்திலும் அதைக் கொடுத்துவந்தனர். பஞ்சுக் காளானின் சதையைத் தட்டி மென்மையாக்கி, குருதி வழியும் காயத்தின்மேல் வைத்து அழுத்துவது அங்கு அறுவை மருத்துவர்களின் வழக்கமாக இருந்தது. பிர்ச் மரத்தில் கரிக்கட்டை போலப் புடைத்து நிற்கும் ‘சாகா’வைக் கொதிக்கவைத்துக் குடிப்பது உருசிய நாட்டு மருத்துவம். அதன் சாறு 1955இல் சோவியத் அரசின் ஏற்பையும் பெற்றது. சோல்செனிட்சினின் ‘கேன்சர் வார்டு’ நாவலில் நோயாளிகள் ஏங்கிப் பேசும் காளான் இதுதான்.

சீனாவில் இந்த நம்பிக்கை நூலாகவும் சடங்காகவும் அரசியலாகவும் வளர்ந்தது. ‘ஷென்னொங் பென்சாவ் ஜிங்’ என்ற பழைய மருந்து நூல் 365 பொருள்களை மூன்று தரமாகப் பிரிக்கிறது. நெடுநாள் உண்டாலும் கெடுதல் செய்யாதவை என்று முதல் தரத்தில் அது வைத்தவற்றில் ‘ஜி’ எனப்படும் காளான்கள் ஆறு: சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை, கருப்பு, ஊதா. சிவப்பு இதயத்துக்கு, பச்சை கல்லீரலுக்கு, வெள்ளை நுரையீரலுக்கு, கருப்பு சிறுநீரகத்துக்கு என்று நிறத்துக்கு ஓர் உறுப்பு. இந்த அடுக்கு காட்டில் அலைந்து கண்டதன்று. ஐம்பூதக் கணக்கை நிரப்ப எழுதப்பட்டது. ஆறில் சிலவற்றுக்கு இணையான காளான் எது என்று இன்றும் சுட்ட முடியாததற்குக் காரணம் இதுவே. கி.மு. 109இல் ஹான் பேரரசர் வூவின் அரண்மனைக்குள் ஒன்பது தண்டுகளோடு ஒரு ஜி முளைத்தபோது அதை நற்குறியாகக் கொண்டு, நாடு முழுவதும் குற்றவாளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது.

மாற்றுக்குரலும் சீனாவிலேயே எழுந்தது. 1596இல் வெளிவந்த ‘பென்சாவ் கங்மு’ என்ற பெருநூலின் ஆசிரியர் லி ஷிஜென், அழுகிய மரத்தில் பிறக்கும் இப்பொருள் மனித உடலில் எழும் கழலைக்கு ஒப்பானது என்றும், இதைத் தின்றால் சாகாவரம் கிட்டும் என்பது மூடநம்பிக்கை என்றும் கருதினார். அவருடைய நூலை இன்றைய விற்பனைக் கையேடுகள் ஓயாமல் மேற்கோள் காட்டுகின்றன. இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகின்றன.

லிங்ஜியின் பெயரும் இனமும்

சிவப்பு ஜி எனப்பட்டது இன்று சீனாவில் லிங்ஜி, ஜப்பானில் ரெய்ஷி. சிறுநீரக வடிவத் தொப்பி. அதன் ஓரத்தில் சேர்ந்த தண்டு. அரக்கு பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்பு மேற்பரப்பு. அடிப்புறத்தில் மடிப்புகள் இல்லை. ஊசித் துளைகள் மட்டுமே. அத்துளைகள் வழியாக உதிரும் பழுப்புத் தூள், தொப்பியின் மேலேயே படிந்து மினுமினுப்பை மறைத்துவிடும். முற்றினால் மரக்கட்டை, மென்று தின்ன இயலாது. கசப்பும் மிகுதி.

அறிவியல் பெயர் பெற்ற முதல் மாதிரி கிழக்கைச் சேர்ந்ததன்று. 1781இல் வில்லியம் கர்டிஸ் லண்டனை அடுத்த பகுதியில் கண்ட காளானுக்கு ‘பொலீட்டஸ் லூசிடஸ்’ என்று பெயரிட்டார். 1881இல் பின்லாந்தின் கார்ஸ்டென் அதற்கெனக் ‘கானோடெர்மா’ பேரினத்தை ஏற்படுத்த, அது கானோடெர்மா லூசிடம் ஆயிற்று. பிறகு உலகின் எந்த மூலையில் அரக்குப் பளபளப்புள்ள கட்டைக் காளான் கிடைத்தாலும் அதே பெயரைச் சூட்டிவிடும் வழக்கம் வந்தது. சீனத்து லிங்ஜிக்கும் அப்பெயரே அமைந்தது. 1995இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது ஐரோப்பிய லூசிடமும் கிழக்காசிய ‘லூசிடமும்’ வெவ்வேறு கிளைகளில் விழுந்தன. 2012இல் சாவ், வூ, தாய் என்னும் மூவர் சீனாவில் பயிராகும் இனத்துக்குக் கானோடெர்மா லிங்ஜி என்று தனிப்பெயர் இட்டனர். அதன் துளைப்பரப்பு மஞ்சள் சாயலுடையது. தொப்பியை வெட்டினால் சதைக்குள் கரும்பட்டைகள் ஓடும். லூசிடத்தில் இவை இல்லை. 1983இல் விவரிக்கப்பட்ட கானோடெர்மா சிச்சுவானென்ஸ் என்ற பெயருக்கு முன்னுரிமை கோருவோர் உண்டு. இக்கட்டுரை லிங்ஜி என்பதையே கொள்கிறது.

இது பெயர்ச் சண்டை அன்று. 2012க்கு முன் ‘கானோடெர்மா லூசிடம்’ என்று தலைப்பிட்டு வெளியான நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எந்தக் காளான் சோதிக்கப்பட்டது என்பதே பல இடங்களில் ஐயத்துக்குரியது. சீன அரசு மருந்து நூலோ லூசிடம் என்ற பழைய பெயரை விடவில்லை. ஊதா ஜி எனப்படும் கானோடெர்மா சினென்ஸையும் லிங்ஜியாகவே ஏற்கிறது.

வேதிப்பொருள்கள்

ஆய்வாளர் கைக்கு வரும் லிங்ஜி உலர்ந்த துண்டுகளாக இருக்கும். அவற்றைப் பல மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து வடித்தால் தேநீர் நிறச் சாறு கிடைக்கும். அதைச் சுண்டவைத்து ஆல்கஹால் ஊற்றினால் வெண்பழுப்பு நிறத்தில் இழை இழையாக ஒரு பொருள் திரண்டு அடியில் தங்கும். இதுவே பாலிசாக்கரைடு, அதில் முக்கியமானது பீட்டா குளுக்கான். கசப்புப் பொருள்களான ட்ரைடெர்பீன்களைப் பிரிக்க ஆல்கஹாலிலேயே ஊறவைக்க வேண்டும். கானோடெரிக் அமிலங்கள் என்னும் இவ்வகையில் முதல் இரண்டும் 1982இல் பிரிக்கப்பட்டன. இன்று நூற்றுக்கும் மேல் தெரியும். ஆக, கொதிநீர்ச் சாறும் ஆல்கஹால் சாறும் ஒரே காளானிலிருந்து வந்த இருவேறு பொருள்கள்.

பீட்டா குளுக்கான் பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ளது. மனித உடலில் இல்லை. அதனால் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியப் பூஞ்சையின் அடையாளமாகக் கொள்கின்றன. அச்செல்களின் மேற்பரப்பில் இருந்துகொண்டு அதைப் பற்றும் புரதம் டெக்டின்-1 என்பது 2001இல் தெரியவந்தது. காளான் ‘எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது’ என்ற பேச்சுக்கு உள்ள உறுதியான அடிப்படை இதுவே.

ஜப்பானிய ஆய்வுகள்

டோக்கியோ தேசியப் புற்றுநோய் மைய ஆய்வகத்தில் இக்கேகாவா, சிஹாரா ஆகியோர் உணவுக் காளான்களின் வெந்நீர்ச் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். சார்கோமா-180 என்ற கட்டி பதியவைக்கப்பட்ட எலிகள் அவை. 1969இல் வெளியான முடிவுகளின்படி ஷிட்டாகே, எனோக்கி ஆகியவற்றின் சாறு கட்டி வளர்ச்சியை 80 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தது. ஷிட்டாகேயிலிருந்து சிஹாரா குழு பிரித்தெடுத்த பீட்டா குளுக்கானுக்கு லென்டினான் என்று பெயர். பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளில் லென்டினான் வேலை செய்யவில்லை. எனவே அது கட்டியை நேரே கொல்வதில்லை, உடலின் எதிர்ப்புச் செல்களை ஏவிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தனர். அன்றைக்கு இது பெரிய செய்தி. ஆனால் சார்கோமா-180 எலியின் உடல் எளிதில் ஒதுக்கித்தள்ளக்கூடிய அந்நியக் கட்டி. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எதுவும் அதில் நல்ல பெயர் வாங்கும்.

இவ்வழியில் மூன்று மருந்துகள் ஜப்பானில் ஏற்பு பெற்றன. வான்கோழிவால் காளானிலிருந்து வந்த கிரெஸ்டின் (1977) வாய்வழி மருந்து. நாளொன்றுக்கு 3 கிராம். லென்டினான் (1985) நரம்பில் ஏற்றப்பட்ட ஊசி. ஷைசோஃபில்லான் (1986) கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துத் தசையில் போடப்பட்ட ஊசி. இதைத் தரும் சிறு காளானை மணிப்பூர் மக்கள் ‘கங்லயேன்’ என்று கறி சமைக்கிறார்கள். ஷிட்டாகேக் குழம்பு புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு லென்டினானைச் சான்று காட்டுவோர், அது மில்லிகிராம் அளவில் நரம்பில் ஏறிய ஊசி என்பதைச் சொல்வதில்லை.

கிரெஸ்டினுக்கு வலுவான சான்று 1994இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இரைப்பைப் புற்றுக்கு அறுவை முடிந்த 262 பேரில், கீமோவோடு கிரெஸ்டினும் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர் ஐந்தாண்டு உயிரோடிருந்தனர். கீமோ மட்டும் பெற்றவர்களில் 60. எட்டு ஆய்வுகளில் இடம்பெற்ற 8,009 நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டுத் தொகுப்பில் பயன் சிறிதாகியது, மறையவில்லை. இவற்றுக்கு முன்பே 1989இல் ஜப்பான் அரசு மறுஆய்வு செய்து, கிரெஸ்டினைக் கீமோவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது. லென்டினானின் கதை இன்னும் கசப்பானது. முற்றிய இரைப்பைப் புற்று நோயாளிகள் 300க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. வழக்கமான கீமோ மருந்தோடு லென்டினான் சேர்த்தவர்களுக்கு ஆயுள் நீளவில்லை. இவ்விரு மருந்துகளும் பின்னர் ஜப்பானியச் சந்தையிலிருந்து விலகின.

பூச்சிப் பூஞ்சைகளும் உண்மை மருந்துகளும்

திபெத்தியர் ‘யார்சா கும்பு’ என்றும் உத்தராகண்ட் மலைமக்கள் ‘கீடா ஜடி’ என்றும் அழைக்கும் ஆஃபியோகார்டிசெப்ஸ் சினென்சிஸ், மண்ணுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவைக் கொன்று அதன் தலையிலிருந்து தண்டு நீட்டும். பனி உருகும் பருவத்தில் மலைச் சரிவில் முழங்காலிட்டு, புல்லிடையே விரல் நுனியளவு நீட்டிநிற்கும் கருந்தண்டைத் தேடி, புழு அறுந்துவிடாமல் தோண்டி எடுக்கிறார்கள். 1993இல் சீன ஓட்டவீராங்கனைகள் உலகச் சாதனைகளை முறியடித்தபோது பயிற்சியாளர் மா ஜுன்ரென் இதையும் ஒரு காரணமாகச் சொன்னார், விலை ஏறியது. அக்குழுவில் ஊக்கமருந்து புழங்கியதாகப் பின்னர் செய்திகள் வந்தன, விலை இறங்கவில்லை. அளவுக்கு மீறித் தோண்டியதால் இவ்வினம் 2020இல் அழிவாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

ஐயத்துக்கிடமற்ற மருந்துகள் இதன் பேர்பெறாத உறவுகளிடமிருந்தும் வேறு பூஞ்சைகளிடமிருந்தும் வந்திருக்கின்றன. உறுப்பு மாற்று அறுவையைச் சாத்தியமாக்கிய சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையின் பொருள். அது வண்டுப் புழுவைக் கொல்லும் கார்டிசெப்ஸின் மற்றொரு வாழ்க்கைநிலை என்று 1996இல்தான் தெரிந்தது. சில்வண்டைத் தாக்கும் பூஞ்சையில் உள்ள மிரியோசின் என்ற பொருளை மாற்றியமைத்துப் பெற்ற ஃபிங்கோலிமோட், நரம்புறை அழற்சி நோய்க்கு மாத்திரையாக 2010இல் அமெரிக்க ஏற்பு பெற்றது. ஒரு சாதாரண வெள்ளைக் காளானிலிருந்து 1951இல் பிரித்த புளூரோமுட்டிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கால்நடை மருந்தாக நெடுங்காலம் இருந்து, லெஃபாமுலின் என்ற மாற்றுருவில் 2019இல் நிமோனியா மருந்தானது. இவற்றில் எதற்கும் சாகாவரக் கதை இல்லை.

இந்தியாவில்

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மகாராட்டிரத்து வைத்தியர்கள் ‘பன்சோம்பா’ எனப்படும் மரக்காளானை உரைத்துக் குழந்தைகளின் தாளம்மைக்குத் தடவுகின்றனர். கேரளத்தின் அமலா புற்றுநோய் ஆய்வு மையம் உள்ளூர்க் காளான்களின் சாற்றை ஆய்வகத்திலும் எலிகளிலும் பல்லாண்டுகளாகச் சோதித்துவருகிறது. சோலனில் உள்ள காளான் ஆய்வு இயக்ககம் லிங்ஜி வளர்ப்பு முறையையும் கற்பிக்கிறது. தமிழ்நாட்டு உழவர்களுக்குக் கானோடெர்மா பகைவனாகவே முதலில் பழக்கம். 1952இல் தஞ்சைப் பகுதியில் பதிவான, ‘தஞ்சாவூர் வாடல்’ எனப்படும் தென்னை அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணம் இப்பேரினமே. தண்டின் அடியில் செம்பழுப்பு நீர் கசிந்து, பிறகு காளான் வெளியே தெரியும்போது மரத்தைக் காப்பாற்றும் காலம் கடந்திருக்கும். நோய் கண்ட தோப்பில் வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் இட்டு, வேர் வழியே மருந்து கட்டுகிறார்கள். அதே பேரினம் மாத்திரையாகவும் காபித்தூளாகவும், ஆள் சேர்க்கும் நேரடி விற்பனை வழியே பின்னாளில் ஊருக்குள் வந்தது.

இன்றைய நிலை

புற்றுநோய்க்கு லிங்ஜியை முதல் சிகிச்சையாகக் கொள்ளச் சான்று போதாது என்பது காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு கண்ட முடிவு (ஐந்து ஆய்வுகள், 373 பேர்). சர்க்கரை நோயாளிகளின் இதயநோய் அபாயக் கூறுகளைக் குறைப்பதாகவும் மற்றொரு தொகுப்பாய்வு காணவில்லை. சிங்கப்பிடரிக் காளானை 16 வாரம் உண்ட, லேசான மறதியுள்ள ஜப்பானிய முதியோரின் மதிப்பெண் 2009 ஆய்வில் உயர்ந்தது. நிறுத்திய நான்கு வாரத்தில் சரிந்தது. பங்கேற்றோர் சுமார் 30 பேரே. சிங்கப்பூரில் 663 முதியோரை ஆராய்ந்த 2019 ஆய்வில், வாரம் இருமுறைக்கு மேல் காளான் உண்போரிடம் அறிவாற்றல் குறைபாடு ஏறத்தாழ பாதியாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை அன்று. அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷி பொருள்களை 2017இல் சோதித்தபோது சிட்டையில் உள்ளபடி இருந்தவை ஐந்தே. லிங்ஜிப் பொடியால் கல்லீரல் அழற்சியும், சாகாப் பொடியின் ஆக்சலேட்டால் சிறுநீரகச் செயலிழப்பும், சரியாக வேகாத ஷிட்டாகேயால் சாட்டையடித் தழும்பு போன்ற தோல் தடிப்பும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.