லில்லியின் முதுகும் சென்னையின் வேகப்பந்தும்

வேகப்பந்து வீச்சாளர் என்றாலே எல்லோரும் பார்ப்பது வேகத்தைத்தான். அந்த வேகத்தை அவர் முதுகு தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை.

1973-ல் வெஸ்ட் இண்டீஸ் சென்ற ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லிக்கு முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. அத்தோடு அவர் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அவர் உடலைத் தேற்றி, பந்து வீசும் முறையையும் மாற்றிக்கொண்டு 1974-ல் திரும்பி வந்தார். 1984-ல் ஓய்வு பெற்றபோது எடுத்திருந்தவை 355 டெஸ்ட் விக்கெட்டுகள். அன்று அது உலக சாதனை!

அதே லில்லிதான் 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து பயிற்சி மையத்துக்கு வழிகாட்டியாக வந்தார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பயின்றவர்களே.

முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அப்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் திரும்பியிருந்தால் கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும். தலை சாய்ந்தால் பந்தும் லைன் தவறும். ஆக, காயத்துக்கும் கட்டுப்பாடு இல்லாததற்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்.

சென்னையின் லட்சுமிபதி பாலாஜியும் முதுகு விரிசலால் சில ஆண்டுகளை இழந்தார். ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு வந்து, 2008-ல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை சேப்பாக்கத்தில் எடுத்தார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் டிவியில் பார்த்த ஆக்‌ஷனை அப்படியே காப்பி அடிக்கும் பையன்கள் நிறைய. வளரும் எலும்புக்கு அது ஆபத்து. வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், முதுகு ஒன்றுதான்.