தைலமும் நாளிதழும்

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "ஆசிரியரே, வேலைக்குப் போன பிறகு தமிழில் எழுத வேண்டிய தேவை எங்கே வரும்?" குறும்புக்காகக் கேட்கப்பட்ட வினா அன்று அது, உண்மையாகவே அறிய விரும்பினார். ஆசிரியப் பணி, செய்தித்தாள், வானொலி, மொழிபெயர்ப்பு என விரல்விட்டு எண்ணினேன். நான்கு விரல்களோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. வணிகம் என்னும் பெரிய உலகம் என் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

அன்று மாலை தேக்காவில் தலைவலித் தைலம் வாங்கச் சென்றேன். ஊருக்குப் புறப்படுவோர் பெட்டி நிறைய வாங்கிச் செல்லும் தைலங்கள் அடுக்கில் வரிசையாக நின்றன: புலி முத்திரை கொண்ட டைகர் பாம், கோடாலித் தைலம், மஞ்சள் நிற அமிர்தாஞ்சன். இவற்றுள் இரண்டு தைலங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நாளிதழ் பிறந்தது. ஒன்று சீன மொழியில் சிங்கப்பூரில். மற்றொன்று தெலுங்கில், நம் சென்னையில். அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவரின் வினாவுக்கு என்னால் தர இயன்ற விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு வணிக நிறுவனம் தானே பேனா எடுத்துப் பொதுமக்களிடம் பேசலாமா? பேசலாம் எனில், எவ்வாறு பேச வேண்டும்? இணையம் வந்த பிறகு எழுந்த வினா இது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது மிகப் பழைய வினா. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர், எவ்வளவு பெரிய புலமை உடையவராயினும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்று விதிக்கிறார். உடனே நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தம்மைப் பழித்தபோதும் தம்மைப் பற்றிப் பேசுதல் புலவர்க்குத் தகும் என்கிறார். புலவர்க்குச் சொன்ன இந்த இலக்கணம் வணிகர்க்கும் பொருந்துமா என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

ஆவ் பூன் ஹாவ் 1882இல் இரங்கூனில் பிறந்தவர். நகரத்தார் பலர் வட்டித்தொழில் நடத்திய அதே இரங்கூன்தான். தந்தையார் அங்கு எங் ஆன் டோங் என்னும் மூலிகை மருந்துக்கடை வைத்திருந்தார். 1908இல் தந்தை மறைந்த பின் பூன் ஹாவும் தம்பி பூன் பாரும் அக்கடையை வளர்த்தனர். அண்ணன் பெயரில் புலியும் தம்பி பெயரில் சிறுத்தையும் உண்டு. தைலத்தின் புலி முத்திரை அண்ணனின் பெயரிலிருந்து வந்தது. 1920களில் தொழில் சிங்கப்பூருக்கு இடம் மாறியது. நீல் சாலையில் அவர்கள் நிறுவிய தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

விளம்பரத்தில் பூன் ஹாவுக்கு நிகரானவர் அக்காலத்தில் அரிது. முகப்பில் புலித்தலை பொருத்திய மகிழுந்து ஒன்றில் அவர் ஊர் சுற்றினார். அதன் ஒலிப்பான் புலி உறுமுவதுபோல் ஒலித்தது. ஆனால் நாளிதழ்களில் விளம்பரம் செய்வதற்குப் பிறர்க்கே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே 1929 ஜனவரி 15ஆம் நாள் சின் சியூ ஜிட் போ என்னும் சீன நாளிதழைத் தாமே தொடங்கினார். சின் சியூ என்பது சிங்கப்பூரைக் குறிக்கும் சீனப் பெயர். தம் தைலத்தை விற்பதே முதல் நோக்கம். அதை அவர் மறைக்கவில்லை.

அவ்விதழ் தைல விளம்பரத்தை மட்டுமே சுமந்திருந்தால் சில மாதங்களில் மறைந்திருக்கும். சீனாவில் நடந்த செய்திகள், சந்தை விலை, இலக்கியம் என மக்களுக்கு வேண்டியதை அது தந்தது. சீன இலக்கிய உலகின் பெரும் பெயர்களுள் ஒன்றான யூ டா ஃபூ 1938 இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து அதன் இலக்கியப் பகுதியின் ஆசிரியரானார். தைல வணிகரின் காசில் எழுத்தாளர்க்கு வேலை கிடைத்தது. இங்குள்ள இளம் எழுத்தாளர்க்குக் களம் கிடைத்தது. தலைவலியே வராதவரும் வாங்கிப் படிக்கும் இதழாக அது வளர்ந்தது. 1938இல் பூன் ஹாவ் ஹாங்காங்கில் சிங் தாவ் என்னும் நாளிதழையும் தொடங்கினார்.

இத்துறையில் அவர் முதல்வரும் அல்லர். ரப்பர் தோட்டங்களும் காலணித் தொழிற்சாலையும் நடத்திய டான் கா கீ, 1923இலேயே நன்யாங் சியாங் பாவ் என்னும் நாளிதழைத் தொடங்கியிருந்தார். தென்கடல் நாடுகளின் வணிக இதழ் என்பது அப்பெயரின் பொருள். உலகப் பொருளாதார நெருக்கடியில் சிக்கி அவருடைய நிறுவனம் 1934இல் கலைக்கப்பட்டது. தொழில் அழிந்தது, இதழ் பிழைத்தது. ஈன்ற நிறுவனத்தைவிட அது ஈன்ற எழுத்து நெடுநாள் வாழ்ந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது தைலம். காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு இன்றைய ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். தைலம் ஈட்டித் தந்த பொருளைக் கொண்டு ஆந்திர பத்திரிகா என்னும் தெலுங்கு வார இதழைப் பம்பாயிலேயே நிறுவினார். 1914இல் அது சென்னைக்கு வந்து நாளிதழானது. 1924இல் பாரதி என்னும் இலக்கியத் திங்களிதழையும் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் தெலுங்கு பேசுவோர்க்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற குரலுக்கு அவருடைய இதழ் மேடையானது. 1937இல் ஆந்திரத் தலைவர்கள் கூடிச் செய்துகொண்ட ஸ்ரீபாக் உடன்படிக்கை, மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த ஸ்ரீபாக் இல்லத்தின் பெயரையே தாங்கியது. அவர் 1938இல் மறைந்தார். ஆந்திர பத்திரிகா 1991 வரை வாழ்ந்தது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் நாகேசுவர ராவ் பூங்காவில் காலையில் நடப்போர் பலர், அப்பெயர் ஒரு தைல வணிகரின் பெயர் என்பதை அறியாமலே நடக்கின்றனர்.

மேலை நாடுகளிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் ஏர்க்கலப்பை செய்த ஜான் டீர் நிறுவனம் 1895இல் உழவர்க்கென ஓர் இதழைத் தொடங்கியது. பிரான்சில் டயர் செய்த மிஷலின் சகோதரர்கள் 1900இல் வாகன ஓட்டிகளுக்கு ஒரு கையேட்டை இலவசமாக வழங்கினர். டயரை எப்படி மாற்றுவது, எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பன அதில் இருந்தன. அந்தக் கையேட்டின் வழித்தோன்றல்தான் 2016 முதல் நம் சிங்கப்பூரின் உணவுக்கடைகளுக்கும் நட்சத்திரம் வழங்கி வருகிறது. இவர்கள் அனைவரிடமும் ஒரு பொதுப்பண்பு உண்டு. பொருளை வாங்காதவர்க்கும் பயன்படும் ஒன்றை முதலில் கொடுத்தனர். தம் பொருளைப் பற்றிய பேச்சு அதன் பின்னால் வந்தது.

தமிழுக்கு அத்தகைய வணிகர் சிங்கப்பூரில் வாய்க்கவில்லை. சி.கு. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் வார இதழ் 1890இல் நின்றுபோனது. திருவாரூரில் பிறந்து இங்குக் குடியேறிய கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசைத் தொடங்கியபோது அதன் விலை ஒரு காசு. அவருக்குப் பின்னால் தைலமும் இல்லை, ரப்பர் தோட்டமும் இல்லை. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகத் தொடங்கிய இதழை, வாசகர்களையும் சிறு விளம்பரதாரர்களையும் நம்பியே அவர் நடத்தினார். 1952இல் மாணவர் மணிமன்றம் கண்டு இளம் எழுத்தாளரை வளர்த்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டினார். ஆயினும் முதல் இல்லாத இதழின் துன்பம் அவரை விடவில்லை. 1963இல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் முரசு முடங்கியது. 1964இல் தமிழ் மலர் என்னும் போட்டி இதழ் பிறந்தது.

வணிகர்கள் நடத்திய நன்யாங்கும் சின் சியூவும் 1983இல் இணைந்து லியன்ஹ சாவ்பாவ் ஆயின. தமிழ் முரசு 1995இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. ஆக, தைலக் காசில் பிறந்த இதழின் வாரிசும் ஒரு காசுக்கு விற்ற இதழும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்த வழிகள்தாம் வேறு.

அப்படியானால் நிறுவனங்களின் எழுத்து எப்போதும் நன்மையே பயக்கும் என்று சொல்லலாமா? சொல்ல இயலாது. டான் கா கீக்கும் ஆவ் பூன் ஹாவுக்கும் இருந்த போட்டி அவர்களுடைய இதழ்களிலும் எதிரொலித்தது. முதலாளியின் பகை வாசகனின் காலை உணவோடு பரிமாறப்பட்டது. இதனினும் கசப்பான பாடத்தை அடுத்த தலைமுறை தந்தது. பூன் ஹாவின் மகன் ஆவ் கவ் 1966இல் ஈஸ்டர்ன் சன் என்னும் ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். ஹாங்காங்கிலிருந்த கம்யூனிஸ்ட் முகவர்களிடமிருந்து அதற்குப் பணம் வந்தது என்று 1971இல் சிங்கப்பூர் அரசு குற்றஞ்சாட்டியது. முதுநிலை ஆசிரியர்கள் பதவி விலகினர், இதழ் மூடப்பட்டது. தந்தையின் இதழ் யாருடைய காசில் நடந்தது என்பது ஊரறிந்த செய்தி. மகனின் இதழ் குறித்து அந்தக் கேள்வி எழுந்த உடனேயே அது வீழ்ந்தது.

இதே பிழையை இணையக் காலத்திலும் காண்கிறோம். 2006இல் அமெரிக்காவில் ஓர் இணையர் பயணவண்டியில் நாட்டைச் சுற்றி, வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் தங்கி, கண்டதையெல்லாம் இணையத்தில் எழுதினர். ஊழியர் அனைவரும் மகிழ்ச்சியோடு இருப்பதாக அவர்களின் எழுத்து காட்டியது. அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது வால்மார்ட்டின் விளம்பரப் பணியைச் செய்த எடெல்மன் நிறுவனம் உருவாக்கிய ஓர் அமைப்பு என்பது பின்னர் வெளிப்பட்டது. எடெல்மனின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவர்கள் எழுதியதில் பொய் எவ்வளவு, மெய் எவ்வளவு என்று அதன்பின் எவரும் ஆராயவில்லை. பேசுபவர் யார் என்பது மறைக்கப்பட்டதால் மெய்யும் பொய்யாயிற்று.

நம் ஊர்ச் சான்று ஒன்றும் உண்டு. 2011 டிசம்பர் 15ஆம் நாள் மாலை வடக்கு–தெற்கு ரயில் தடத்தில் சேவை தடைபட்டது; பயணிகள் சுரங்கத்தில் நின்ற ரயில்களில் சிக்கினர். அவ்வேளையில் எஸ்எம்ஆர்டி நிறுவனம் தன் டாக்சி ஓட்டுநர்களுக்கு அனுப்பிய தகவலின் தலைப்பு "வருமான வாய்ப்பு" என்னும் பொருள்பட இருந்தது. டாக்சித் திரையில் தோன்றிய அச்சொற்களின் படம் ஊரெங்கும் பரவியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அம்மாதத் தடைகளுக்காக 2012இல் அதற்கு 2 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்த அபராதத் தொகையை மறந்தவர்கூட அவ்விரு சொற்களை மறக்கவில்லை. மக்களிடம் மனிதரைப்போல் பேசிப் பழகாத நிறுவனத்துக்கு இடர் வந்த நாளில் சரியான சொல் வாயில் வருவதில்லை.

இப்போது நன்னூலுக்குத் திரும்புவோம். தம்மை அறியாதவரிடையே தம்மை அறிமுகம் செய்துகொள்ளலாம். பழி வந்தால் விடை சொல்லலாம். வணிகர்க்கும் இவ்விரு வாயில்கள் திறந்தே இருக்கின்றன. ஆனால் நன்னூலார் சொன்ன புலவர் அவையில் தம் பெயரோடும் முகத்தோடும் நின்று பேசுகிறார். முகமூடி அணிந்து பேசுவதில்லை. எனவே, வரலாறு காட்டும் வழி மூன்று என்பேன். பேசுவது யார், காசு யாருடையது என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். வாங்காதவர்க்கும் பயன்படும் ஒன்றைத் தர வேண்டும். நல்ல நாளில் பேசியவர் கெட்ட நாளிலும் அதே குரலில் பேச வேண்டும். இம்மூன்றுக்கும் அணியமாக இல்லாத நிறுவனம் விளம்பரத்தோடு நின்றுவிடுவதே நல்லது.

இதில் தமிழாசிரியனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். சிராங்கூன் சாலையின் இருமருங்கிலும் நம்மவர் கடைகள் உள்ளன. நகை, துணி, மளிகை, பூ, உணவு என எல்லாமே உண்டு. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. விழாக்கால வாழ்த்தில் தமிழ் இருக்கிறது. அதற்கு அப்பால், கடைக்காரர் தம் தொழிலைப் பற்றித் தமிழில் நான்கு பத்தி எழுதிப் படித்த நினைவு எனக்கு இல்லை. பட்டில் சரிகையின் தரத்தை எப்படி அறிவது, தங்கத்தின் விலை ஏன் ஏறுகிறது, பூமாலை வாடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்த அறிவு முழுவதும் காற்றோடு போகிறது. எழுதப்பட்டால் அது வணிகத்துக்கும் உதவும். மொழிக்கும் வீடு கட்டித் தரும். தேர்வுத்தாளில் மட்டுமே வாழும் தமிழ் எத்தனை தலைமுறை வாழும்?

புலித் தைலம் விற்றவரால் ஓர் எழுத்தாளர்க்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. தேக்காவின் கடைகளுள் ஒன்றேனும், "எங்கள் தொழிலைப் பற்றி வாரம் ஒரு பக்கம் நல்ல தமிழில் எழுத ஒருவர் தேவை" என்று அறிவிக்குமானால், என் மாணவரிடம் ஐந்தாவது விரலையும் மடக்கிக் காட்டுவேன்.