அரிதாக்கும் அதிகாரம்

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை தன் சிகரெட் பாக்கெட்டுகளில் பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வைத்து விற்றது. அவற்றில் ஹோனஸ் வாக்னரின் அட்டை மட்டும் பாதியிலேயே நின்றுபோனது. புகையிலையோடு சேர்ந்து தன் படம் சிறுவர் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை என்பார்கள். பணப் பேச்சு முடியவில்லை என்பாரும் உண்டு. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 60. அவற்றில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டையின் கதையும் ஏறக்குறைய இதுதான். விற்காமல் தேங்கிய பெட்டிகளை, அந்த வரிசையை உருவாக்கிய சை பெர்கரே 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அதே மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இவற்றை அரிதாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஒருவரின் மறுப்பும் விற்காத சரக்கும், அவற்றோடு ஈரமும் கரையானும் பண்டிகைக்கு முன் வீட்டை ஒழிக்கும் வழக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. திரையில் மட்டுமே இருக்கும் டிஜிட்டல் கார்டுக்கு இந்த விதி இல்லை. அதன் மூலை மடங்காது, நிறம் மங்காது. அங்கே ஒரு கார்டு அரிதாக இருந்தால், அரிதாக இருக்கட்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். எனவே டிஜிட்டல் கார்டின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை, அந்த ஒருவரின் வாக்கில் இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாறு இதையே காட்டுகிறது.

அரிதான தன்மையை வாக்குறுதியாக எழுதிவைக்கும் வழக்கம் காகிதத்திலேயே தொடங்கிவிட்டது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட்டை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. அதன் புகழ்பெற்ற ‘பிளாக் லோட்டஸ்’ கார்டு முதல் அச்சில் சுமார் 1,100 பிரதிகளே வந்தது. 1995இல் ‘குரோனிக்கிள்ஸ்’ என்ற தொகுப்பில் பல பழைய கார்டுகளை நிறுவனம் மறுபதிப்பு செய்தது. சேர்த்துவைத்தவர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, இன்னின்ன கார்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்று நிறுவனம் ஒரு பட்டியலை அறிவித்தது. பிளாக் லோட்டஸும் அதில் இருந்தது. 2021இல், நல்ல நிலையில் இருந்த முதல் அச்சுப் பிரதி ஒன்று, ஓவியர் கிறிஸ்டோபர் ரஷ்ஷின் கையெழுத்துடன், 5,11,100 டாலருக்கு விற்றது.

அதே நிறுவனம் 2002இல் ‘மேஜிக் ஆன்லைன்’ தொடங்கியபோது, டிஜிட்டல் பாக்கெட்டுக்கும் காகிதப் பாக்கெட்டின் விலையையே வைத்தது. கையில் பிடிக்க முடியாத ஒன்றுக்கு யார் அந்த விலை கொடுப்பார்கள்? நிறுவனம் அதற்கும் வழி வைத்திருந்தது: ஒரு தொகுப்பை முழுதாகச் சேர்த்தவர், கட்டணம் கட்டி, அதற்கு ஈடான காகிதத் தொகுப்பை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம். போட்டிகளில் சேர ஒரு டாலருக்கு நிறுவனம் விற்ற நுழைவுச்சீட்டை ஆட்டக்காரர்கள் நாணயமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ‘இந்தக் கார்டு பன்னிரண்டு டிக்ஸ்’ என்று விலை பேசினார்கள். இரவும் பகலும் வாங்கி விற்க தானியங்கி ‘பாட்’ கணக்குகளை ஓட்டினார்கள். பின்னாளில் பிட்காயின் சந்தையாகிப் பெயர் கெட்ட ‘மவுண்ட் காக்ஸ்’ இணையதளத்தின் பெயரே இந்த டிஜிட்டல் கார்டுகளை விற்பதற்காகப் பதிவானதுதான். ஆனால் 2014இல் ‘விண்டேஜ் மாஸ்டர்ஸ்’ தொகுப்பு வழியாக பிளாக் லோட்டஸும் ஆன்லைனுக்கு வந்தது. மறுபதிப்புத் தடை காகிதத்துக்கு மட்டும்தான். ஒரே பெயர், ஆட்டத்தில் ஒரே வலு. ஆனாலும் டிஜிட்டல் லோட்டஸ் காகித லோட்டஸின் விலைக்கு அருகில்கூடப் போகவில்லை. ஒன்றுக்குப் பின்னால் வாக்கு இருந்தது, மற்றதற்குப் பின்னால் இல்லை.

காகிதக் கார்டும் அச்சிடுபவரின் தயவில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். பட்டியலை மீறாமலே 2022இல் அதே நிறுவனம், போட்டியில் செல்லாத பின்புறத்தோடு, பிளாக் லோட்டஸும் வரக்கூடிய நான்கு பாக்கெட்டுகளை 999 டாலருக்கு விற்றது. ஆனால் இது பழைய பிரதிகளைத் தொடவில்லை. நிறுவனமே மூடிப்போனாலும் அவை பெட்டியில் கிடக்கும். டிஜிட்டல் கார்டு இருப்பதே நிறுவனத்தின் சர்வரில். 2018இல் வால்வ் நிறுவனம் கார்ஃபீல்டையே வைத்து ‘ஆர்டிஃபாக்ட்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் ‘ஆக்ஸ்’ என்ற கார்டு ஒன்றே தொடக்கத்தில் இருபது டாலர் போனது. ஆட்டக்காரர்கள் கலைந்தார்கள், 2021இல் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டு விளையாட்டு இலவசமானது. எல்லாருக்கும் கார்டு கிடைக்கும்போது, காசு கொடுத்தவரிடம் மிஞ்சியது ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்ற முத்திரை மட்டும்.

பிளாக்செயின் இதைத் தீர்த்துவிட்டது என்பதே இன்று வலுவாக ஒலிக்கும் எதிர்வாதம். எத்தனை பிரதிகள் என்பது எல்லாரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் பதிவாகிறது, பின்னால் மாற்ற முடியாது என்கிறார்கள். பாதி சரி. டேப்பர் லேப்ஸ் நடத்திய ‘என்பிஏ டாப் ஷாட்’டில், 49 பிரதிகள் மட்டுமே கொண்ட, கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸின் காட்சித் துணுக்கு ஒன்று 2021 பிப்ரவரியில் 2,08,000 டாலருக்கு விற்றது. அந்த 49 ஐம்பது ஆகவில்லை. ஆனால் அதே வீரரின் அடுத்த துணுக்கையும் அடுத்த வரிசையையும் வெளியிடுவதை எந்தப் பேரேடும் தடுக்காது. புதிதாக விற்றால்தான் நிறுவனம் பிழைக்கும். வரத்து பெருகியது, வந்த கூட்டம் குறைந்தது, விலை சரிந்தது. போட்டியாளரையும் பேரேடு தடுக்காது. இந்தியாவில் கிரிக்கெட் வீரர்களோடு ஒப்பந்தம் போட்டு டிஜிட்டல் கார்டு விற்ற ‘ராரியோ’, அதே வீரர்களின் கார்டுகளை விற்ற ‘ஸ்ட்ரைக்கர்’ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வீரர்களின் பெயரும் ஆட்டக் கணக்கும் பொதுவெளியில் உள்ள தகவல்கள் என்று சொல்லி, 2023 ஏப்ரலில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது.

அப்படியானால் டிஜிட்டலில் அரிது என்பதே பொய்யா? அதுவும் இல்லை. 2016இல் பிட்காயின் பேரேட்டின் மேல் பலர் சேர்ந்து உருவாக்கிய ‘ரேர் பெப்பே’ கார்டுகள் ஒரு தவளைக் கேலிச்சித்திரத்தைச் சுற்றி வந்தவை. முதல் கார்டுக்கு 300 பிரதிகள். 36 வரிசைகளில் 1,774 கார்டுகளோடு பட்டியலை மூடிவிட்டார்கள். மேலும் வெளியிட்டுப் பிழைக்க வேண்டிய கம்பெனி அங்கே இல்லாததால் அந்த முடிவு நிலைத்தது. அவை இன்றும் கைமாறுகின்றன. நிறுத்துவதால் நட்டம் இல்லாதவர் கொடுத்த வாக்கை நம்பலாம்.

விலைக்காகவா சேர்க்கிறோம், மகிழ்ச்சிக்காகத்தானே என்பாரும் உண்டு. ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டு இந்த வழியில்தான் போனது. அங்கே ஆட்டக்காரர்களிடையே கார்டுப் பரிமாற்றமே கிடையாது. ‘லெஜண்டரி’ கார்டு ஒன்றைச் செய்ய ‘டஸ்ட்’ என்ற ஆட்டப் பொருள் 1,600 வேண்டும், அதையே உடைத்தால் 400 தான் திரும்பும். இது நேர்மையான ஏற்பாடு. ஆட்டச் செலவை நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது, யாரும் அதைச் சொத்து என்று நம்பி வாங்குவதில்லை. சிக்கல், செலவைச் சேமிப்பாக விற்கும்போதுதான் வருகிறது. அரிது என்று விற்கப்படும் எந்த டிஜிட்டல் கார்டையும் வாங்குமுன், பிரதி எண்ணைப் பார்ப்பதைவிட, நாளைக்கு இன்னொரு வரிசை வெளியிடாவிட்டால் இவர்கள் எதை விற்றுச் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்பது பயன் தரும்.