எங்கே கிடைத்தது?

1863 மே 30ஆம் தேதி, பல்லாவரம் ராணுவக் குடியிருப்பை ஒட்டிச் சரளை வெட்டியெடுத்த ஒரு குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை. அப்போது முப்பது வயது ஆகவில்லை. மற்றவர் கண்ணுக்கு அது இன்னொரு சரளைக்கல். இரண்டு பக்கமும் செதில் தட்டி, கைக்குள் அடங்கும்படி யாரோ வேலை செய்த கல் என்று ஃபுட்டுக்குத் தெரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1859இல்தான், பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி தெரிந்த கண்தான் பல்லாவரத்துக் குழியைப் பார்த்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஓடையோரம் முழுவதும் அப்படிப்பட்ட கருவிகள். பின்னாளில் உலகத் தொல்லியல் நூல்களில் ‘மெட்ராஸ் கைக்கோடரி மரபு’ என்று இடம்பெற்றது இந்த மண்ணில் கிடைத்த கருவிகளால்தான். அடுத்த நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியா முழுக்கச் சுற்றி ஃபுட் சேர்த்ததையெல்லாம் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 1912இல் அவர் இறந்தார். அவர் எழுதிய பட்டியலும் விளக்கக் குறிப்புகளும் 1914, 1916 ஆண்டுகளில் அச்சாயின. எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்று வகைப்படுத்திய பட்டியல் அது. அந்த ஊர்ப் பெயர்கள் இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் கற்குவியல்.

சென்னையின் மேற்கே வானகரத்தில் குடியிருந்து வரலாறு படிக்கும் ஒரு மாணவருக்கு இந்தக் கதை தொலைதூரக் கதை இல்லை. தெற்கே போனால் பல்லாவரம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் எழும்பூர் அருங்காட்சியகம். மேற்கே பூந்தமல்லி, திருவள்ளூர் தாண்டினால் பூண்டி, அங்கிருந்து அத்திரம்பாக்கம். எதுவும் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரமே. ஆனால் வானகரம் என்றதும் சென்னைவாசிக்கு நினைவுக்கு வருவது மீன் சந்தை, பெரிய கல்யாண மண்டபம், அதில் நடக்கும் கட்சிப் பொதுக்குழு, புறவழிச்சாலை நெரிசல். இந்தியாவின் மிகப் பழைய மனிதத் தடயங்களுக்குப் போகும் வழியில் இருக்கிறோம் என்பதை அந்தச் சாலையில் எந்தப் பலகையும் சொல்வதில்லை. கல்லூரி மாணவர்கள் இப்போது ‘பொது வரலாறு’ என்ற பெயரில் படிப்பது இந்த இடைவெளியைப் பற்றித்தான்: ஆய்வாளருக்குத் தெரிந்தது அதே மண்ணில் வாழ்கிறவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

சென்னை இந்தக் கேள்வியை மிக முன்பே சந்தித்தது. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். கல்லையும் பாடம் செய்த பறவைகளையும் பார்க்க வராத ஜனம், அங்கே உயிரோடு வைத்திருந்த ஒரு சிறுத்தையையும் புலிக்குட்டியையும் பார்க்கக் கூடியது. பால்ஃபர் விடவில்லை. கர்நாடக நவாபிடம் பேசி அவரிடமிருந்த விலங்குகளையெல்லாம் வாங்கிவந்து, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை வைத்தார். மதராஸ் மக்கள் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். விலங்குகள் வேறிடம் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், காணும் பொங்கலன்று எழும்பூரில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது. பால்ஃபர் பழக்கிய பழக்கத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

இன்றைய அருங்காட்சியகங்களில் தொடுதிரை, அசைவூட்டப் படம், மெய்நிகர்க் கண்ணாடி எல்லாம் அந்தப் புலிக்குட்டியின் வேலையைத்தான் செய்கின்றன. அதை இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செட்டிநாட்டு வீடுபோன்ற கட்டடத்தில், அகழாய்வுக் குழிகள் இருக்கும் ஊரிலேயே, பள்ளிப் பிள்ளைகள் பானை ஓட்டுக் கீறல்களை எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்கிறார்கள். கூட்டத்தை உள்ளே அழைத்துவர ஏதாவது வேண்டும். ஆனால் உள்ளே வந்தவருக்குப் புலிக்குட்டியை மட்டும் காட்டி அனுப்பினால் அது காட்சிசாலை, வரலாறு வேறு.

வேறு என்பதை அத்திரம்பாக்கமே விளக்குகிறது. 1999இலிருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு அங்கே மீண்டும் அகழாய்வு செய்தது. ஃபுட் காலத்தில் கருவி கையில் இருந்தது, வயது தெரியவில்லை. வயதைச் சொன்னது கருவி கிடந்த இடம். படிவு மண்ணில் உறைந்திருக்கும் பூமியின் காந்தத் திசையை அளந்தார்கள். விண்வெளிக் கதிர் பட்டதால் கல்லுக்குள் உண்டான அணுக்கள், கல் மண்ணுக்கடியில் போனபின் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். 2011இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: அந்தக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள், மிகக் குறைத்துச் சொன்னாலும் 10 லட்சத்துக்கு மேல். 2018இல் வந்த அடுத்த ஆய்வு, மேலடுக்குகளில் எடுத்த 7,200க்கும் அதிகமான கருவிகளைப் பார்த்து, கைக்கோடரியைக் கைவிட்டு நுட்பமான செதில் கருவிகளுக்கு மாறிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது. மண்துகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று அளக்கும் முறை அதற்குக் கைகொடுத்தது.

எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்ற குறிப்பு இல்லாமல் இந்த முடிவுகளில் ஒன்றுகூடச் சாத்தியமில்லை. ஆகவே அருங்காட்சியகத்தில் கணினிக்கு உண்டான முதல் வேலை பொருளையும் அது கிடைத்த இடத்தையும் சேர்த்து வைப்பதுதான். சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படம் அதற்கு அடுத்தபடி. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை 1985இல் அமைத்த அகழ்வைப்பகம் இருக்கிறது; கொசஸ்தலைப் படுகையின் கற்கருவிகளை அங்கே பார்க்கலாம். சாலையில் போகிறவர்களில் பலர் சத்தியமூர்த்தி சாகர் என்ற பூண்டி நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எழும்பூரில் ஃபுட்டின் சேகரிப்பு ஓரிடம், பூண்டிப் பேழைகள் ஓரிடம், ஆய்வாளர்களின் அடுக்குக் குறிப்புகள் இன்னோரிடம். இவற்றை ஒரே வரைபடத்தில், தமிழில், ஊர்ப் பெயரைத் தட்டினால் வரும்படி யாராவது வைத்தால், அத்திரம்பாக்கத்துப் பள்ளி மாணவி தன் ஊர் ஓடையைக் கைப்பேசியில் படிக்க முடியும். இதற்கு மெய்நிகர்க் கண்ணாடி தேவையில்லை. ஃபுட் போட்டதுபோல ஒழுங்கான ஒரு பட்டியல் போதும்.

வானகரத்துக்கு வடக்கே, அம்பத்தூர், ஆவடி ஆலைகளில் வேலை செய்தவர்களின் வரலாற்றைச் சேர்க்கும் இன்னும் அவசரமான வேலை ஒன்று காத்திருக்கிறது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, ஹெர்குலிஸ் சைக்கிள் அம்பத்தூரிலிருந்து ஊருக்கு ஊர் போனது. பிறகு டன்லப் டயர் ஆலை. 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. அதன் சின்னச் சின்னப் பட்டறைகளில் லேத்து ஓட்டியவர்கள், பிரஸ்ஸில் கைவிரல் இழந்தவர்கள், ஷிப்டு முடிந்து புறநகர் ரயிலுக்கு ஓடியவர்கள்தான் இந்த மேற்குப் பகுதியை உண்டாக்கினார்கள். டன்லப் ஆலை பலமுறை மூடித் திறந்து, கடைசியில் ஒரேயடியாக நின்றுபோனது.

சுவீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்குவிஸ்ட் 1978இல் ஒரு நூல் எழுதினார். நிற்கிற இடத்தையே தோண்டிப் பார் என்பது அதன் தலைப்பு. தொழிற்சாலை வரலாற்றை முதலாளியின் ஆண்டுமலர் எழுதுகிறது, அதில் வேலை செய்தவர் எழுதுவதில்லை. ஆகவே ஒவ்வொரு தொழிலாளியும் தன் ஆலையை ஆராய வேண்டும் என்று வழிமுறைகளோடு சொன்ன நூல் அது. அதைப் படித்துவிட்டு அங்கே ஆயிரக்கணக்கான பேர் உள்ளூர் வரலாற்றுக் குழுக்களில் சேர்ந்தார்கள். அம்பத்தூருக்கு அப்படியே பொருந்துகிற யோசனை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சங்கத் துண்டறிக்கை, ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்கு மாலை போட்டு எடுத்த குழுப்படம் எல்லாம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போகின்றன.

இதற்கு அரசு உத்தரவும் பெரிய கட்டடமும் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை என்று காட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவு ஆறாத சமூகத்தில், 2005இல் தன்னார்வலர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற மின்நூலகத்தைத் தொடங்கினார்கள். நூல்களோடு நில்லாமல் பத்திரிகை, பாடசாலை ஆண்டுமலர், கோயில் மலர், நினைவு மலர் என்று வீட்டில் கிடப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து, யாரும் படிக்கும்படி வைத்தார்கள். இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கூட ஓர் ஊரின் குடும்பங்களையும் தொழில்களையும் இடப்பெயர்வையும் சொல்லும் சான்று என்று உணர்ந்தவர்கள் அவர்கள்.

வானகரத்து மாணவரிடம் நல்ல கேமரா உள்ள கைப்பேசி இருக்கிறது. தொழிற்பேட்டை தொடங்கிய ஆண்டு இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார். அவரிடமிருந்து ஒரு படத்தை வாங்கி நகலெடுக்கும்போது, படத்தில் நிற்பவர்களின் பெயர், வரிசை, ஆலை, பிரிவு, ஆண்டு, படம் யார் வீட்டில் இருந்தது என்ற ஆறு விவரங்களையும் அப்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அசல் அவரிடமே இருக்கட்டும். எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும்.