ஹூண்டாய் சான்ட்ரோ (முதல் தலைமுறை)

ஹூண்டாய் சான்ட்ரோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் 2014 வரை தயாரான ஐந்து கதவுச் சிறிய கார். தமிழ்நாட்டில் உருவாகி இந்தியா முழுக்கப் பரவிய முதல் ஹேட்ச்பேக் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். தென்கொரிய நிறுவனமான ஹூண்டாய் 1996 மே மாதம் தன் இந்தியக் கிளையைப் பதிவு செய்து, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலை எழுப்பியது. 1998 செப்டம்பர் 23 அன்று சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 3 லட்சம் ரூபாயை ஒட்டியிருந்தது.

இதன் மூல வடிவம், கொரியாவில் 1997-இல் வெளியான ஆட்டோஸ் என்னும் வண்டி. அகலம் குறைவு, உயரம் அதிகம் என்ற அதன் உருவம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே பின்புறத்தை மாற்றித்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியும் ‘டால் பாய்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கேலிக்கு இலக்கான அந்த உயரமே பிறகு வண்டியை விற்றுக்கொடுத்தது. வேட்டி கட்டிய பெரியவரும் சேலை உடுத்திய பாட்டியும் குனிந்து வளையாமல் ஏறி இறங்க முடிந்தது. ஓட்டுநருக்குச் சாலை நன்றாகத் தெரிந்தது. கூரை தலையில் இடிக்கவில்லை. மாருதியின் தாழ்வான ஜென் காரில் இந்த வசதிகள் இல்லை. உயரமான உடலமைப்பு இங்கே எடுபடும் என்பதை மாருதியும் ஒப்புக்கொண்டதுபோல, 1999 டிசம்பரில் வேகன்-ஆர் வந்து சேர்ந்தது.

முதல் வண்டிகளில் இருந்தது 999 சிசி கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர், 12 வால்வு பெட்ரோல் எஞ்சின். திறன் சுமார் 55 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே எரிபொருள் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறை தொடக்கம் முதலே உண்டு. மாருதி 800, ஜென் இரண்டும் அப்போது கார்பரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 1999-இல் தலைநகர் வட்டாரத்தில் இறுகியபோது இந்த வேறுபாடு ஹூண்டாய்க்குக் கைகொடுத்தது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம், ஐந்து வேக கியர், 35 லிட்டர் பெட்ரோல் டேங்க் ஆகியவை மற்ற விவரங்கள்.

யாருக்கும் தெரியாத கொரியப் பெயரை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது விளம்பரம். ஷாருக் கானைத் தேடி வரும் கொரிய அதிகாரி ‘கிம்’, நடிகரின் சந்தேகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுவார். வாங்குபவர் மனதில் இருந்த கேள்விகளையே விளம்பரம் கேட்டது, அதுதான் சாமர்த்தியம். டேவூ மேட்டிஸும் டாடா இண்டிகாவும் ஏறக்குறைய அதே சமயத்தில் சந்தைக்கு வந்தன. மேட்டிஸ் அழகில் குறைந்ததல்ல, ஆனால் தாய் நிறுவனமான டேவூ நொடித்ததோடு அதன் கதையும் முடிந்தது.

2000-இல் பவர் ஸ்டீயரிங் பொருத்திய ‘ஜிப் டிரைவ்’ வந்தது. பிறகு எஞ்சின் 1,086 சிசியாக வளர்ந்தது. தானியங்கி கியர் வகையும் கிடைத்தது. 2003 மே மாதம் வெளியான ‘சான்ட்ரோ ஜிங்’ பெரிய மாற்றம். முன்முகம், பின்புறம், டேஷ்போர்டு அனைத்தும் புதிது; நீளம் 3,565 மில்லிமீட்டர், திறன் சுமார் 63 குதிரைத்திறன். ஜிங்கை இரண்டாம் தலைமுறை என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. அச்சிடைத் தூரம் பழைய 2,380 மில்லிமீட்டரே, அடித்தளமும் பழையதே. பின்னாளில் எல்பிஜி வகையும் சேர்ந்தது.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து இவ்வண்டி பல நாடுகளுக்குக் கப்பலேறியது. ஐரோப்பாவில் ஆட்டோஸ் பிரைம், மெக்சிகோவில் டாட்ஜ் ஆட்டோஸ் என்று அழைக்கப்பட்டது. 2007-இல் ஐ10 அதே ஆலையில் பிறந்தபோது சான்ட்ரோ ஓய்வுபெறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் விலை குறைவு என்பதால் மேலும் ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. அந்தக் கடைசிக் காலத்தில் வயது தெரிந்தது: ஜிஎல், ஜிஎல்எஸ் வகைகளில்கூட காற்றுப்பை கிடையாது. 2014 இறுதியில் உற்பத்தி நின்றது. அதற்குள் உள்நாட்டில் 13 லட்சத்துக்கும் மேல், வெளிநாடுகளில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

2018 அக்டோபரில் அதே பெயரில் புதிய கார் வந்தது. 69 குதிரைத்திறன் எஞ்சின், தொடுதிரை, பின்னிருக்கைக்கு ஏசி துவாரம், ஏஎம்டி கியர், ஆலையிலேயே பொருத்திய சிஎன்ஜி எனப் பழையதில் இல்லாத பலவும் இருந்தன. பெயருக்கு இருந்த மவுசு வண்டிக்குக் கிடைக்கவில்லை. 2022-இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் பழைய சான்ட்ரோ வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆர்சி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2014-இல் பதிவான கடைசி வண்டிகளுக்கு அந்தக் கெடு 2029.