எண் யாரைக் கட்டுப்படுத்துகிறது? கடலூர் வட்டாரத்தில் உடலில் அணியும் கருவிகளும் உழைப்போர் உரிமையும்

உடலில் அணியும் கணினிக் கருவிகளைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகள் பெரும்பாலும் வாங்குபவரை நோக்கியே பேசுகின்றன. எந்த ஸ்மார்ட் வாட்ச் நல்லது, எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்கும், இதயத் துடிப்பைச் சரியாகக் காட்டுமா என்பவையே அங்கே கேள்விகள். தனியுரிமை பற்றி எழுதுவோரும் கருவியைத் தானே விரும்பி வாங்கிய ஒருவரையே மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். தானாக வாங்காமல், பிறர் மாட்டிவிட்டதால் அணிந்திருக்கும் உடல்கள் இந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. வடலூரைச் சுற்றிய நிலப்பகுதியை எடுத்துக்கொண்டால் இந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஒருபுறம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள், மறுபுறம் பண்ருட்டியின் முந்திரித் தோப்புகள், கிழக்கே கடலூர் சிப்காட்டின் இரசாயன ஆலைகள், தெற்கே சிதம்பரத்தின் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும். உடலை வைத்துப் பிழைப்பவர்கள் நெருக்கமாக வாழும் வட்டாரம் இது.

அணியும் கருவி ஒன்று நியாயமானதா என்பதை அதன் நுட்பத்தை வைத்தோ துல்லியத்தை வைத்தோ தீர்மானிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அது காட்டும் எண்ணுக்கு யார் கட்டுப்படுகிறார் என்பதுதான் உரைகல். எண் ஏறும்போது முதலாளி வேலையை நிறுத்த வேண்டியிருந்தால் அது ஒரு வகைக் கருவி. எண் இறங்கும்போது தொழிலாளியின் கூலி குறையுமானால் அது வேறொரு வகை. இரண்டும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கலாம்; சமூகத்தில் ஒரே பொருள் அல்ல.

முதல் வகைக்குப் பழைய, நன்கு நடந்துவரும் எடுத்துக்காட்டு ஒன்று நம்மிடையே உண்டு. அதை யாரும் அணிகருவி என்று சொல்வதில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ கடலூர் அரசு மருத்துவமனையோ, எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவரின் மார்பருகே ஒரு சிறிய பேட்ஜ் இருக்க வேண்டும். டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள். திரையோ மின்கலமோ அதில் கிடையாது. டிஸ்புரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானில் கலந்து செய்த மூன்று வில்லைகள் ஓர் உலோகத் தகட்டில் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு வில்லையின் மேல் உலோக வடிகட்டி, இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. கதிர் எந்த வகையைச் சேர்ந்தது, எவ்வளவு ஆற்றலுடையது என்பதைப் பிரித்தறிய இந்த ஏற்பாடு. உடலில் விழும் கதிரின் ஆற்றல் வில்லையின் படிகத்துக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கே வில்லையைச் சூடாக்குவார்கள். சிறைப்பட்ட ஆற்றல் ஒளியாக வெளியேறும். அந்த ஒளியின் அளவே அந்த மனிதர் வாங்கிய கதிரின் அளவு.

ஈயக் கவசம் அணிந்தால் பேட்ஜைக் கவசத்துக்கு உள்ளே அணிய வேண்டும், வெளியே அல்ல. வேலை முடிந்ததும் எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போகக் கூடாது; போனால் ஆள் வாங்காத கதிரைப் பேட்ஜ் வாங்கிக்கொள்ளும். யாரும் அணியாத ஒரு பேட்ஜைக் கதிர் படாத இடத்தில் தனியே வைத்து, அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இயற்கையாக எங்கும் இருக்கும் கதிரைக் கழிக்க அது உதவும். இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகளால்தான் அந்த எண்ணை நம்ப முடிகிறது.

ஆனால் பேட்ஜின் உண்மையான வலிமை வில்லையில் இல்லை, அதன் பின்னால் நிற்கும் விதியில் இருக்கிறது. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அனைத்துலகப் பரிந்துரை ஓராண்டில் 50 வரை இடம் கொடுக்கிறது. இந்த ஒன்றில் நம் நாடு அதைவிடக் கண்டிப்பானது. அளவு கூடினால் ஏன் கூடியது என்று விசாரிக்கப்படும். விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டின் கதிர்ப் பாதுகாப்பு விதிகளின்படி, பதிவேட்டைப் பேணுவது வேலை கொடுப்பவரின் கடமை. அதைப் பார்ப்பது வேலை செய்பவரின் உரிமை. ஆள் வேலையை விட்டுப் போன பின்னும் பதிவு அழியக் கூடாது. உடலைக் கண்காணிக்கும் கருவிதான் இதுவும். ஆனால் கண்காணிப்பின் முனை நிறுவனத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதை வடநாட்டு மாநகராட்சிகளில் பார்த்தோம். நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் ஆகிய நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டப்பட்டது. சிம் கார்டு, ஒலிவாங்கி, கேமரா எல்லாம் கொண்ட கடிகாரம் அது. குறித்த எல்லைக்குள் ஆள் இருக்கிறாரா, நடமாடுகிறாரா என்பதைக் கட்டுப்பாட்டு அறையின் திரை காட்டும். மனிதச் செயல்திறனைப் பின்தொடரும் அமைப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். கருவி பழுதாகி ஆள் இல்லை என்று காட்டினால் கூலி பிடிக்கப்படுகிறது என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். கழிப்பறைக்குப் போகும்போதும் கேமரா கையிலேயே இருக்கிறதே என்று பெண்கள் அஞ்சினார்கள். சண்டிகரில் போராட்டமே நடந்தது. சாக்கடை வாயுவின் அளவையோ, கையுறை இல்லாமல் குப்பை அள்ளும் கையின் புண்ணையோ, கோடை வெயிலில் ஏறும் உடல்சூட்டையோ அந்தக் கடிகாரம் அளக்கவில்லை. ஆள் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் அளந்தது. எதை அளக்கிறோம் என்பதிலேயே யாருக்காக அளக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இதை நம் ஊரில் பொருத்திப் பார்ப்போம். வடலூர் 2021இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரைகளும் விலக்கப்படும் ஜோதி தரிசனத்துக்கு இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். கடலூர்–விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையும் சந்திக்கும் நான்குமுனைச் சந்திப்பு அன்று திணறிப்போகும். கூட்டம் கலைந்த பின் இலையும் குவளையும் குப்பையும் அள்ளுவோருக்கு வேலை ஓய்வதில்லை. சண்டிகர் முறை நாளை இங்கே வந்தால், பெருமாள் ஏரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியுமுன் வந்து சேரும் ஒரு பெண், சபையின் நிழலில் கால்மணி நேரம் உட்கார்ந்தது ஒரு புள்ளியாகப் பதிவாகும். அந்தப் புள்ளிக்கு அவர் ஏன் உட்கார்ந்தார் என்பது தெரியாது. இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், நாளுக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டபோது, சிக்னல் இல்லாத ஏரிக்கரைகளில் வேலை செய்தும் வருகை ஏறாமல் கூலி சிக்கியது எப்படி என்பதைக் கிராமங்கள் ஏற்கெனவே கண்டுவிட்டன.

காசு கொடுத்து வாங்கும் கடிகாரத்தின் கதை வேறு. அதில் எண்ணுக்கு யாரும் கட்டுப்படுவதில்லை. அணிந்தவர் மட்டும் கவலைப்படுகிறார். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து அல்ல. வயதான பெண்களை வைத்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சுமார் 4,400 அடிகளிலேயே இறப்பு அபாயம் குறையத் தொடங்குவதையும், 7,500க்கு மேல் கூடுதல் பயன் தெரியாததையும் காட்டியது. முந்திரித் தோப்பில் நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கும் பெண்ணுக்கு இந்த எண் எதையும் சொல்லப்போவதில்லை.

தோலின் கேள்வி இதைவிடக் கனமானது. கைக்கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடியைக் கணிக்கின்றன. கருந்தோலிலுள்ள மெலனின் அந்த ஒளியைக் கூடுதலாக விழுங்கிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என்றாலும் சிக்கல் தீரவில்லை. கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவு ஆக்சிமீட்டரின் கண்ணில் படாமல் போவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. கொரோனா காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் இருந்த கருவி அது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கருத்துப்போகும். சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அந்தக் கைக்கும் மணிக்கட்டுக்கும் ஏற்ற கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை.

அப்படியானால் உழைப்போர் உடலில் எந்தக் கருவியுமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. வெப்பம் இன்று அந்தக் கேள்வியைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். கடும் வெப்பத்தில் வேலை செய்வது கருச்சிதைவின் அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது என்று கண்டனர். செங்கல் சூளை, உப்பளம், வயல் எல்லாமே இந்தக் கண்டுபிடிப்புக்கு உட்பட்டவைதான். நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கமும் பண்ருட்டியின் சூளையும் விதிவிலக்கு ஆகா.

இங்கே ஓர் எதிர்வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, உடலுக்கும் தெரியாது. அதனால் பேட்ஜ் தேவை. வெயில் உடலுக்கே தெரியுமே, கருவி எதற்கு? இந்தக் கேள்வியில் பெரும்பகுதி உண்மை இருக்கிறது. மயக்கம் வருகிறது என்று சூளையில் ஒரு பெண் சொன்னால், மேஸ்திரி உட்காரச் சொன்னாலே போதும், எண் தேவையில்லை. எண் வந்துவிட்டால் ஒரு புதிய ஆபத்தும் கூடவே வரும்: கடிகாரத்தில் உடல்சூடு 38 டிகிரி காட்டவில்லையே, உனக்கு என்ன மயக்கம் என்று கேட்கும் நாள் வரும். துன்பத்துக்குச் சான்று கேட்கும் கருவியாக அது மாறிவிடும். 1867 மே 23 அன்று இதே வடலூரில் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசிக்கிறது என்று வந்து உட்கார்ந்தவருக்குச் சாதி கேட்காமல், சான்று கேட்காமல் சோறு போடுவதே அங்கே நடைமுறை. பசித்தவரின் சொல்லை அளவுகோலாக ஏற்ற நிறுவனம் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஊரில், களைத்தவரின் சொல்லை ஏற்கக் கருவி கேட்பது பின்னோக்கிய பயணம்.

ஆகவே என் முடிவு இது: வெப்பத்தைப் பொறுத்தவரை முதல் கருவி உடலில் இருக்கக் கூடாது, வேலையிடத்தில் இருக்க வேண்டும். காற்றின் சூடு, ஈரப்பதம், வெயிலின் வீச்சு, காற்றோட்டம் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் ஈரக்குமிழ்க் கோள வெப்பமானியைச் சூளையிலும் சுரங்க விளிம்பிலும் கம்பம் நட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கலாம். எண் ஏறினால் எல்லாருக்கும் ஓய்வு. தனியாளின் உடலை யாரும் தோண்ட வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் மாறுபடுவதும் உணர முடியாததுமான தீங்குக்கு மட்டுமே உடலில் அணியும் கருவி நியாயம். கதிர் அப்படிப்பட்டது. சில வாயுக்கள் அப்படிப்பட்டவை. சிப்காட் ஆலைகளில் குழாய் பழுதுபார்ப்பவரின் சட்டையில் வாயு உணரி இருக்கத்தான் வேண்டும், அதன் மணி அடித்தால் வேலை நிற்கத்தான் வேண்டும்.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறதா? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. ஆனால் அதன் பின் வந்த 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே அவர் தரவைக் கையாள ஏழாவது பிரிவில் வழி திறந்துவிட்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டின் விதிகள் உடல்நிலைத் தகவலை நுண்ணிய தரவு என்று தனியே பிரித்துக் கூடுதல் காப்பு கொடுத்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. ஒப்பந்தக்காரர் கட்டிவிட்ட கடிகாரம் திரட்டும் நாடித்துடிப்பும், மளிகைக் கடையில் கொடுத்த தொலைபேசி எண்ணும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே தட்டில் நிற்கின்றன. நுண்ணிய தரவு என்ற பிரிவைத் திரும்பக் கொண்டுவருவதும், வேலையிடத்தில் திரட்டும் உடல் தரவைக் கூலிப் பிடித்தத்துக்கோ பணிநீக்கத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகத் தடைசெய்வதும் நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலைகள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வடலூர், நெல்லிக்குப்பம், சிதம்பரம் நகராட்சிகளும் கடலூர் மாநகராட்சியும் தூய்மைப் பணி ஒப்பந்தங்களில் இன்றே ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: பணியாளர் உடலில் எந்தக் கருவியை மாட்டுவதானாலும், அதன் எண் ஒப்பந்தக்காரரை எந்தச் செயலுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பதை முதலில் எழுத்தில் தர வேண்டும். எழுதித் தர முடியாத கருவியை மாட்ட அனுமதிக்கக் கூடாது. மாமன்ற உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த ஒப்பந்தப்புள்ளி வருமுன் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.